ஓட்டுக்குக் கீழே ஹெல்மெட்

ஐப்பசி, செவ்வாய் இரவு. மழை இன்னும் விடவில்லை.

காலையில் நான்காம் வகுப்புக்குள் நுழைந்தால், ஜெபா கிரிக்கெட் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். "ஏட்டி, வகுப்புல என்ன விளையாட்டு? முதல்ல அதக் கழத்து" என்று சத்தம் போட்டேன். அவள் மேலே கை காட்டினாள். "நேத்து இங்கதான ஓடு உடஞ்சு விழுந்துச்சு, டீச்சர்."

தலைமையாசிரியை ஆனதிலிருந்து கூரைக்குப் பணம் கேட்டு எழுதுகிறேன். வரவில்லை. விளையாட்டுச் சாமானுக்குக் கேட்காமலே வந்தது. எங்களுக்கு மைதானமே கிடையாது. அந்தப் பணத்தில் ஓடு மாற்றட்டுமா என்று கல்வி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தபோது கிளார்க் சிரித்தார். "விளையாட்டுக்கு வந்தத கூரைக்கு எடுத்தா ஆடிட்டுல யாரு பதில் சொல்லுவா? பேசாம பேட்டு, ஹெல்மெட்டுன்னு வாங்கிப் போடுங்க டீச்சர்." வாங்கிப் போட்டேன். பணத்தை ஒழுங்காகச் செலவழித்ததாகப் பாராட்டு வேறு வந்தது.

பிள்ளைகளை நகர்த்தி உட்காரவைக்க இடமில்லை. அடுத்த அறை முழுக்க ஒழுகுகிறது. ஜெபாவிடம் மறுபடியும் கழற்றச் சொல்லவில்லை. மத்தியானம் அவள் பக்கத்தில் இருப்பவன் தனக்கும் ஒன்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். உடனே அந்த வரிசை முழுவதும் கை நீட்டியது.

நான் வாங்கியது இரண்டே ஹெல்மெட்.