பெருங்காயம் தூக்கலாக

செவ்வாய், இரவு.

இன்று அம்மாவிடம் சொல்லவில்லை. பெருங்காய டப்பாவில் கோதுமை மாவும் சேர்ந்திருப்பதாக அச்சிட்டிருப்பதை மதியம்தான் கவனித்தேன். எனக்குக் கோதுமை பட்டாலே குடல் புண்ணாகும் சீலியாக் நோய் என்று தெரிந்ததிலிருந்து அம்மா வீட்டுக்குள் கோதுமையையே விடுவதில்லை. சப்பாத்திக் கல்லைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டாள். அப்படியும் நான் இளைத்துக்கொண்டே போகிறேன்.

"செஞ்சி பஸ் ஸ்டாண்டுல பரோட்டா துன்னுட்டு வர்றியா?" என்று சாப்பிடும்போது நைனா கேட்டார்.

"புள்ளைய இன்னாத்துக்குத் திட்டறீங்க? அது வயிறு ஆறணும்னுதான் ரசத்துல பெருங்காயம் தூக்கலா போடறேன்" என்றாள் அம்மா.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் இந்த உடம்பு இன்னும் எவ்வளவு தாங்கும்?

ரசத்தைக் குடித்தேன். கொல்லையில் வாந்தி எடுத்தேன். அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினாள். பிறகு மோரில் பெருங்காயம் கரைத்துக் கொண்டுவந்தாள். அதையும் குடித்தேன்.