கண்ணனுக்கு எடுத்துவைத்த சோறு

21 செப். 85, சனி

விடிந்ததிலிருந்து தூறல். வுப்பர்டாலில் வெயில் என்பது ஆட்கள் சொல்லக் கேள்விப்படுகிற விஷயம். புரட்டாசி முதற் சனி. தலைமுழுக்கு, துவைப்பு, மூன்று மரக்கறி. எள்ளெண்ணெய் விளக்கு பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில். வேறு இடமில்லை, சனீஸ்வரன் பொறுத்துக்கொள்ளட்டும்.

விரதம் எனக்காக இல்லை, தம்பிக்காக. கண்ணனுக்கு அட்டமத்துச் சனி. கொழும்பில் ஏஜென்சிக்காரனின் அறையில் கிடக்கிறான். இந்தா ஏற்றுகிறேன், அந்தா ஏற்றுகிறேன் என்று அந்த மனுசன் கதை விட்டுக்கொண்டிருக்கிறான். கிழக்கு பெர்லின் வரை பிளேன், அங்கிருந்து ரயிலில் மேற்கே. எல்லாரும் வருகிற வழிதான். ஆனால் சில கிழமையாக ஒரு சத்தமும் இல்லை.

எள்ளுச்சோறு குசினி யன்னலுக்கு வெளியே. காகம் வந்தது, பார்த்தது, தொடவில்லை. ஜெர்மன் காகம், எள்ளு பழக்கமில்லைப் போல. துளசி தன் ஐந்து வயதுப் பெரிய மனுசித்தனத்தோடு, “அதுக்குப் பசிக்கேல்லையாம் அம்மா” என்றாள்.

24 செப்.

வாங்க: வெங்காயம், எள்ளு (துருக்கிக் கடை), து.வுக்குப் பசை, சாம்பல் நிற நூல் இன்னும் இரண்டு பந்து.

கீழ்வீட்டு ஃபிராவ் கெல்லர் சுவெட்டர் பின்னப் பழக்குகிறார். (இனி ஃபி.கெ. முழுதாய் எழுதப் பஞ்சி.) கண்ணன் வருகிற நேரம் குளிராக இருக்கும். எங்களுக்குத் தொலைபேசி இல்லை, அவருடைய நம்பரைத்தான் கண்ணனுக்குக் கொடுத்திருக்கிறோம். நல்ல மனுசி. ஆனால் பின்னல் பிழைத்தால் முகம் மாறும்.

கை எவ்வளவு நீளம் என்று கேட்டார். காற்றில் அளந்து காட்டினேன். பிறகு இல்லை என்று குறைத்தேன். மறுபடி கூட்டினேன். மூன்று வருஷத்தில் வளர்ந்திருப்பான். முகம் நினைவிருக்கிறது, கை நினைவில்லை. வெட்கமாக இருந்தது.

29 செப். ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற நாள். இவர் கதிரையில் ஏறி நின்று, “சும்மா ஒரு மணித்தியாலம் தாறாங்கள், வேண்டாம் எண்டுறீரே” என்று பகிடி. எனக்கு அது பிடிக்கிறதில்லை. நடந்து முடிந்த நேரம் திரும்ப ஏன் வரவேண்டும்?

நேற்று இரண்டாம் சனி. காகம் அதே காகம், இடது செட்டையில் ஒரு நரைத்த இறகு. சோற்றைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் குசினிச் சுவரோரக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை, கால் ஆடும்.

து. பள்ளிக்கூடத்தில் பழகிவந்து மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளில் மனிதர் செய்தாள். தீக்குச்சிக் கை கால். அப்பா, அம்மா, து., மாமா. மூன்று பேர் மேசையில். மாமாவை மட்டும் யன்னலுக்கு வெளியே வைத்தாள்.

“ஏனம்மா வெளியில வைச்சனி?”

“மாமா இன்னும் வரேல்லைத்தானே.”

கேட்டது என் பிழை. பின்னேரம் பார்த்தால் மாமாவுக்குத் தலை இல்லை. தீக்குச்சிக் காலில் உடம்பு மட்டும் நின்றது. அணில் கொண்டுபோனது என்று து.வுக்குச் சொன்னேன். நம்பிவிட்டு விளையாடப் போனாள்.

5 ஒக். சனி

கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவுகிறேன். எழுதினால் அடங்குமோ பார்ப்போம்.

மூன்றாம் சனி. இந்தக் கிழமை ஏஜென்சிக்காரன் ஒரு கூட்டத்தை ஏற்றியிருக்கிறான் என்று இவருடைய வேலையிடத்தில் கேள்வி. கண்ணன் எந்த நேரமும் வரலாம். அவனுக்குப் பிடித்த பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். முதல் அகப்பையை அவனுக்கென்று ஒரு கோப்பையில் எடுத்துச் சோற்றோடு மூடி வைத்தேன். வழியில் வருகிற ஆளுக்கு எடுத்து வைப்பதுதானே வழக்கம். பக்கத்தில் காகத்துக்கு எள்ளுச்சோறு. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பை, இரண்டுக்கும் மேலே பேப்பர். பால் பொங்கிச் சரிந்தது, து. கக்கூசிலிருந்து கத்தினாள், ஒரு கோப்பையைத் தூக்கி யன்னலில் வைத்தேன்.

காகம் உடனே வந்தது. முதலில் கத்தரிக்காய். பிறகு சோறு. அவசரமில்லாமல், ஒரு பருக்கை விடாமல். எனக்கென்றால் சந்தோஷம். சனீஸ்வரன் ஏற்றுக்கொண்டார் என்று இவருக்குச் சொன்னேன். இவர் மற்றக் கோப்பையின் பேப்பரைத் தூக்கினார்.

“எள்ளுச்சோறு இஞ்சை கிடக்கு. அப்ப காகத்துக்கு என்னத்தை வைச்சனீர்?”

ஐயோ. செத்த ஆட்களுக்குத்தான் பிடித்ததைச் சமைத்துக் காகத்துக்கு வைப்பது. அது தின்றால் அவர்கள் வந்து தின்றதாக அர்த்தம். உயிரோடு இருக்கிற பெடியனுக்கு என் கையாலேயே படைத்துவிட்டேனே.

“விசரி மாதிரி அழாதையும். காகம் பசிக்குத் தின்னுது.”

சொல்லிவிட்டு இவர் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பை மட்டும் தொடவில்லை.

7 ஒக்.

எங்கும் வெள்ளைப் புகார். முன்வீடு தெரியவில்லை. ஆற்றுக்கு மேலே தொங்கி ஓடுகிற ரயில் எங்கேயோ கீச்சிடுகிறது, ஆளைக் காணோம்.

காகம் கண்ணாடியில் கொத்துகிறது. தும்புத்தடியால் வெருட்டினேன். ஓரடி தள்ளி நின்று அந்த ஆடுகிற கதிரையையே பார்த்தது. கதிரையைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்தேன். இப்போது காகம் அறை யன்னலில் நிற்கிறது. இவரிடம் சொல்லவில்லை, சிரிப்பார். சிரிக்காவிட்டால் அது இன்னும் பயம்.

9 ஒக்.

கண்ணன் வந்துவிட்டான்!! பெர்லினில்!

ஃபி.கெ. படியில் நின்று கூப்பிட்டார். செருப்பில்லாமல் ஓடினேன். யாரோ தமிழ்ப் பெடியன்: “உங்கட தம்பி கண்ணன் வந்து சேர்ந்திட்டார் அக்கா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.” அவனைக் கொடு என்றேன். நித்திரையாம். எழுப்பு என்றேன். காசு முடிகிறது அக்கா என்று வைத்துவிட்டான். ஃபி.கெ.யைக் கட்டிப்பிடித்து அழுதேன். பாவம் மனுசி, விறைத்துப்போய் நின்றார். உழுந்து ஊறப்போட்டிருக்கிறேன், அவருக்கு வடை.

காகத்தைப் பார்த்து, “பாத்தியா?” என்றேன். எனக்கே சிரிப்பு.

12 ஒக். சனி

கடைசிச் சனி. கோப்பைகளை வேறு வேறு நிறத்தில் எடுத்தேன். காகம் வரவில்லை. வரவே இல்லை. நிம்மதியாக இருக்கவேண்டும்.

சுவெட்டர் முடிந்தது. ஒரு கை மற்றதைவிட விரலளவு நீளம். போடுகிறவன் தம்பிதானே, குறை சொல்லட்டும் பார்ப்போம்.

16 ஒக்.

வந்தது அவன் இல்லை.

இவர் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவந்தார். இவர் கண்ணனைக் கண்டது எங்கள் கலியாணத்தில், அரைக்காற்சட்டைப் பெடியனாக. ஆள் மாறியிருப்பான் என்று நினைத்து, கட்டிப்பிடித்து, பெட்டியை வாங்கி, வழி முழுக்க ஊர்க்கதை கதைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அகப்பையோடு கதவைத் திறந்தேன்.

“அக்காஅ.”

கண்ணன் இழுப்பது போலவே இழுத்தான். அதே அளவு. முகம் வேறு. மெலிந்த, மீசை வைத்த, நான் பிறந்ததிலிருந்து காணாத முகம்.

“ஆர் நீர்?”

“கண்ணன், அக்கா.” இவரைத் திரும்பிப் பார்த்தான். “உள்ள வந்து சொல்லட்டோ? படியில ஆக்கள் நிக்கினம்.”

இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான். சாப்பிடும்போது கண்ணீர் விழுந்தது, துடைக்கவில்லை. நான் பார்க்காமல் திரும்பி நின்றேன்.

17 ஒக்.

அவன் சொன்னது: கண்ணனும் இவனும் கொழும்பில் ஒரே அறை, ஒரே ஏஜென்சி. கண்ணன் பொழுது போகாமல் வீட்டுக் கதை சொல்லிக்கொண்டே இருப்பானாம். பிளேனுக்கு முன் சவர்க்காரம் வாங்கவென்று ஒழுங்கைக் கடைக்குப் போனவன் திரும்பவில்லை. பொலிஸ் சுற்றிவளைப்பு. தமிழ்ப் பெடியளை அள்ளிக்கொண்டு போனார்களாம். ஏஜென்சிக்காரன் சீட் வீணாகக்கூடாதென்று கண்ணனின் பாஸ்போர்ட்டில் இவன் படத்தை ஒட்டி, குடும்ப விபரத்தைப் பாடமாக்கச் சொல்லி ஏற்றிவிட்டான்.

“உயிரோட இருக்கிறானோ?”

“தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது.”

“அது என்ன நாள்?”

“சனிக்கிழமை, அக்கா.”

எந்தச் சனி என்று நான் கேட்கவில்லை. இவர் கேட்க வாயெடுத்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

சொந்தப் பெயர் என்னவென்று கேட்டேன். தலையைக் குனிந்தான். “இப்ப கேக்காதேங்கோ அக்கா. வாயில வந்தால் விசாரணை டெர்மினில மாறிச் சொல்லிப்போடுவன். என்னைத் திருப்பி அனுப்பினால் நான் முடிஞ்சன்.”

24 ஒக்.

மத்தியானம் அவன் சோபாவில் நித்திரை. நான் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தேன். நித்திரையிலேயே கதைக்கத் தொடங்கினான்.

“அம்மா பேர் பரமேஸ்வரி. அக்கா பேர் வசந்தி. அக்காவுக்கு இடது முழங்காலில தழும்பு, கிணத்தடியில விழுந்தது. நாயின்ர பேர் வீரன். வீரன் மாரியில செத்தது. நான்தான் தாட்டனான்.”

கத்தியை வைத்துவிட்டேன். வீரனை நான் மறந்தே போயிருந்தேன். நாய் இருந்தது தெரியும், பெயர் மறந்துவிட்டது. கண்ணன்தான் குழி தோண்டித் தாட்டான், அழுது அழுது. அதை இந்த அந்நியன் என் வீட்டுச் சோபாவில் படுத்து, கண்ணனின் இழுவையில் சொல்கிறான். கண் திறந்து, “என்னக்கா?” என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

கிழங்கு உப்புக் கூடிவிட்டது.

2 நவ.

நேற்று ஜெர்மன்காரரின் இறந்தவர் நாள். சவக்காலை முழுக்கச் சிவப்பு விளக்கு. ஃபி.கெ. புருஷனின் கல்லறைக்கு நாலு விளக்கு கொண்டுபோனார். எங்களுக்கும் ஒன்று தந்தார், வீட்டில் இறந்தவர்களுக்காக. வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கொளுத்த மாட்டேன்.

குளிர். அவனிடம் ஒரு மெல்லிய சேர்ட். பல்லுக் கிடுகிடுக்கக் கேளாமல் இருக்கிறான். கடைசியில் சுவெட்டரைத் தூக்கி எறிந்தேன், கொடுக்க மனமில்லாமல். போட்டான். இரண்டு கையும் சரியாக மணிக்கட்டில் நின்றது. அவனுக்கு ஒரு கை கொஞ்சம் நீளமாம், சின்னனில் முறிந்து பொருந்தியதாம். து. “மாமா வடிவு” என்று கைதட்டினாள். அவளுக்கு மாமா கிடைத்துவிட்டார். பசையும் பேப்பருமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலத்துக்கு லாம்பு செய்ய இழுத்துக்கொண்டு போனாள்.

4 நவ.

இவரோடு சண்டை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நாளை மறுதினம் டெர்மின். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், அக்கா என்று உறுதிசொல்ல.

“ஓம் எண்டு சொன்னால் இவன் கண்ணன். நாளைக்கு உம்மட தம்பி வந்து நிண்டால் அவனை ஆரெண்டு சொல்லி எடுக்கிறது? ஒரேயொரு தம்பி எண்டு நீர்தானே அன்ட்ராக் படிவத்தில எழுதினனீர்.”

“இல்லை எண்டு சொன்னால்?”

“இவனைத் திருப்பி ஏத்துவாங்கள்.”

“அங்க என்ன செய்வினம்?”

இவர் சப்பாத்துக்கு நாடா கட்டக் குனிந்தார். குசினிக்குள் அவன் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டுதான் நின்றிருப்பான். “நீர் சொல்லுற மாதிரி. உம்மட தம்பி,” என்று இவர் என் தலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஆம்பிளையள்!

6 நவ.

வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு. அதிகாரி நல்ல மாதிரி, இளம் ஆள், தடிமன் பிடித்திருந்தது. மூக்கைச் சீறிச் சீறிக் கேட்டார். அவன் ஒன்றையும் பிழையாகச் சொல்லவில்லை. அம்மா, அப்பா, ஒழுங்கை, வீரன். கேட்காததையும் சொன்னான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். இவர் உங்கள் தம்பியா?

அவன் என்னைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்தான். கண்ணனை நினைக்கப் பார்த்தேன். முகம் வரவில்லை, கடவுளே, எத்தனை முயன்றும் இந்த முகம்தான் வந்தது.

“யா,” என்றேன்.

குடும்பம் சேர்ந்தது சந்தோஷம் என்று அதிகாரி கை கொடுத்தார். வரும் வழியில் அவன் அழுதுகொண்டே, “இப்ப என்ர பேரைச் சொல்லட்டோ அக்கா?” என்றான்.

“வேண்டாம்,” என்றேன். கடுமையாகத்தான் வந்தது. என் பிள்ளைக்கு அவன் பெயர் தெரிந்தால் எங்கேயாவது உளறும். காரணம் அது மட்டுமா, தெரியவில்லை. பாண், முட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

9 நவ. சனி

காலையில் வெயில், அதிசயம். குசினி மேசையில் அவனும் து.வும் லாம்புக்கு மஞ்சள் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் நித்திரை. நான் தோசைக்கு அரைத்த மா கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபி.கெ. படியில் நின்று கூப்பிட்டார். தொலைபேசி. உங்கள் தம்பி, என்றார்.

நான் குசினியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அங்கேதான் இருந்தான், கத்தரிக்கோலும் கையுமாக. அவனுக்கும் கேட்டது. கத்தரிக்கோலை மெதுவாக மேசையில் வைத்தான். ஃபி.கெ.யும் கதவுக்குள்ளால் அவனைக் கண்டார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியில் ஒதுங்கி வழி விட்டார்.

கையில் மாவோடு போனேன். ரிசீவருக்குள் கடல் இரையும் சத்தம்.

“ஹலோ? ஆர்?”

“அக்காஅ. நான்தான், கண்ணன்.”

“எந்தக் கண்ணன்?”

கேட்டது என் வாய்தான். அந்தப் பக்கம் சிரிப்பு. தொண்டை கட்டிய, பல்லில்லாத ஆள் சிரிப்பது போன்ற சிரிப்பு.

“பகிடி விடாதேங்கோ அக்கா. என்னை விட்டிட்டாங்கள். நான் எப்ப வெளிக்கிடுறது?”