இன்பாஸ் சொன்ன ஓம்

கல்முனை
2025.04.24

அன்பின் மச்சான் காலிதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் எடுத்தால் உனக்கு விழுவதில்லை. என் நம்பரை நீ மறித்து வைத்திருப்பதாக உன் மனைவி றிபா சொன்னா. அதனால் கடதாசியில் எழுதுகிறேன்.

அல்லாஹ் நாடினால் அடுத்த மாதம் ஹஜ்ஜுக்குப் போகிறேன். வழக்கப்படி வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டு வருகிறேன். நேற்று நீ அஸர் தொழப் போயிருந்த நேரம் உன் வீட்டுக்கும் வந்தேன். உன் மகன் இன்பாஸ் வாசலில் இருந்தான். ஆள் நல்ல தெளிவு. "மகன், என்ட கார் உங்கள அடிச்சதுக்கு மாப்புச் செஞ்சிட்டீங்களா?" என்றேன். "ஓம் மாமா" என்று சிரித்தான். மனம் இலேசாகிவிட்டது. இனி உன் வாயாலும் ஒரு வார்த்தை வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு வா.

உன் துஆவைத் தேடும்,
பஸால்

மருதமுனை
2025.04.26

பஸால்,

வஅலைக்குமுஸ்ஸலாம். பதில் ஸலாம் கடமை என்பதால் சொன்னேன்.

உன் கடிதம் வந்ததும் நானும் மகனிடம் கேட்டுப் பார்த்தேன். "இன்பாஸ், நீ கப்பல் ஓட்டுறியா?" "ஓம் வாப்பா." "நாளைக்கு உனக்குக் கலியாணமா?" "ஓம் வாப்பா." நீ வாங்கிப்போன ஓம் இதுதான். பின்னேரம் மின்விசிறிச் சத்தம் பொறுக்காமல் சோற்றுப் பீங்கானை உம்மாவின் மேல் எறிந்தான். பிறகு அவள் பக்கத்திலேயே போய் இருந்துகொண்டு, "ஏன் உம்மா அழுறீங்க?" என்று கேட்டான்.

நல்ல தெளிவாம்! தலை அடிபட்டால் உள்ளே மூளைக்கு என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். தகர டின்னுக்குள் முட்டையைப் போட்டு, மூடிக் குலுக்குவேன். டின்னில் ஒரு நெளிவும் இராது. வாங்கிப் பார்க்கிற பிள்ளை, "நல்லாத்தானே இருக்கு சேர்" என்பான். நீ வெளியே நின்று டின்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது நானும் றிபாவும். பாதி ஊருக்கு வயரிங் செய்த பிள்ளை, இன்று சுவிட்சைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்கிறான்.

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்து என்ன சொன்னாய்? "போனைப் பாத்துக்கிட்டு வந்துட்டன் மச்சான்." மறுநாள் பொலிசில், அவன் லைட் இல்லாத சைக்கிளில் குறுக்கே பாய்ந்தான் என்றாய். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்திலும் அதையே சொன்னாய். இப்போதும் என் பிள்ளையைத்தான் ஊர் குறை சொல்கிறது.

என் மாப்பு வேண்டுமென்றால், வருகிற வெள்ளி அதே முற்றத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் நின்று உண்மையைச் சொல். சொல்லி முடித்த கையோடு அந்த இடத்திலேயே தருவேன். உன் சாப்பாடு எனக்கு வேண்டாம்.

காலிதீன்

கல்முனை
2025.05.03

மச்சான்,

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு நீ முற்றத்தில் காத்து நின்றதைக் கண்டேன். என்னால் முடியவில்லை. பொலிசில் ஒன்றும் ஊரில் ஒன்றும் சொல்ல ஏலுமா? பயண நேரத்தில் என்னைக் கம்பிக்குள் போடவா பார்க்கிறாய்? நீ படிப்பித்த ஆள், பொறுமைசாலி என்று நினைத்திருந்தேன்.

நடந்தது விதி. அறஃபா மைதானத்தில் உன் மகனுக்காக அழுது கேட்பேன். அடிபட்டவனே மாப்புத் தந்துவிட்டான். அது எனக்குப் போதும்.

பஸால்

மருதமுனை
2025.06.29

பஸால் ஹாஜியார் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நீங்கள் ஸலாம் சொல்லி அனுப்பிய பேரீச்சம்பழமும் தொழுகை விரிப்பும் இந்தப் பையில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். மக்காவின் ஸம்ஸம் தண்ணீரைத் திருப்பியனுப்ப மனம் வரவில்லை. அது உங்களுடையதல்ல. இன்பாஸுக்குக் கொடுத்தேன்.

குடித்துவிட்டு, "யாரு வாப்பா தந்த?" என்று கேட்டான். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"அது யாரு?"

"உன்னைக் காரால அடிச்ச ஆள்" என்றேன்.

குடித்த கோப்பையை என்னிடம் நீட்டினான். "நல்ல மனிசன் வாப்பா" என்றான்.

அவனுக்கு இப்போது எல்லாரும் நல்ல மனிதர்கள். ஆனால் ஹாஜியார், என் தலையில் அடிபடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் பிடித்த கை, இதை எழுதுகிற இந்தக் கைதான்.

வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த முற்றத்தில்தான் நிற்கிறேன்.

மு. காலிதீன்
இன்பாஸின் வாப்பா