திறந்துவிடச் சொன்ன வழி

புதன்கிழமை, மண்கும்பான்

இன்னும் கோபம் ஆறவில்லை.

மருத்துவ நிலையங்களுக்கு நாங்கள் நடத்தும் மென்பொருள், பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில், கொன்டெய்னர்கள் எனும் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிந்து ஓடுகிறது. எதுவும் எதனுடனும் பேசலாம் என்றே இதுவரை விட்டிருந்தார்கள். நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல், அவர்களின் நோய் விவரங்கள் உள்ள தரவுத்தளம் வரை போய்வருவதை நான்தான் கண்டேன். கொழும்பிலிருக்கும் பொறுப்பாளர் ரமணன் அண்ணையிடம் கேட்டுவிட்டு, இன்று காலை அதைத் தடுத்தேன்.

சந்திப்பு நேரங்களையும் நிரல் அங்கிருந்தே எடுத்துவந்ததால், பத்து மணிக்குக் குறுஞ்செய்திகள் நின்றுபோயின. இணையவழிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதே ரமணன் அண்ணை கேட்டார்: "ஆரைக் கேட்டு இதைச் செய்தனீர்? எல்லாத்தையும் பழையபடி திறந்துவிடும்."

"உங்களைக் கேட்டுத்தான் செய்தனான் அண்ணை. எல்லாத்தையும் திறக்க ஏலாது."

என் மச்சாளும் அந்த நிலையங்களில் ஒன்றுக்குத்தான் போகிறாள். அவளுடைய நோய் விவரம், குறுஞ்செய்தி அனுப்பும் நிரலுக்கு எதற்கு?

சந்திப்பு நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் கொடுக்கும் சேவை ஏற்கெனவே இருந்தது. நிரலை அதனிடம் போகும்படி மாற்றி, அந்த ஒரு வழியை மட்டும் திறந்தேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் சரியானது.

பின்னேரம் அவர் மேலிடத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலின் பிரதி வந்தது. அதில், பாதுகாப்பை இறுக்கியது 'நாங்கள்'. என் பெயர் ஒரே ஓரிடத்தில் இருந்தது, சேவை தடைப்பட்டதற்குக் காரணம் என்ற வரியில்.

அந்த மின்னஞ்சலுக்கு, எல்லோருக்கும் போகும் பதிலாக, நடந்ததை எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். இந்த முறை அனுப்பியும் விட்டேன்.