ஸ்டெல்லா கூப்பிட்ட பெரட்டு

என் அன்பு ஸ்டெல்லா,

எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்க முடியாது. கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் இங்கே உள்ள சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா சுகம். பாக்கார் ஆராங்கில் என் வாடகை வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து கருவாடு கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பூனை போகிற மாதிரி இல்லை.

இன்னொரு சேதி. நம் நாடகத்தை அடுத்த மாதம் சுங்கைப்பட்டாணியில் ஒரு மண்டபத்தில் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். மன்றத்துத் தம்பிகள் வந்து கேட்டார்கள். ஒரே ஒரு குறைதானாம், நீ பேசிய கேசட்டை மட்டும் மாற்ற வேண்டுமாம். "பொம்பள ஆம்பள மாதிரி பேசுறது எடுபடாதுக்கா. எங்ககிட்ட ஒருத்தர் இருக்காரு, நல்ல கனத்த குரல். புதுசா எடுத்துருவோம்லா" என்றான் ஒருவன். கோப்பித் தண்ணி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை. முதல் தடவை நாடகம் போட்ட அன்றைக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. உனக்காவது தெரியுமா? நீ அங்கே இருந்தாயா, இல்லையா? அது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே, இதை மற்றவர்களும் படிப்பார்கள். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் நான் பால் மரம் வெட்டினேன், நீ தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக டீச்சர். விடிவதற்கு முன் ஆபீஸ் முன்னால் எங்களை வரிசையில் நிறுத்தி ஆள் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். ஆண்களை அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்னோடு மரம் வெட்டிய முனியம்மா அக்காவை 'வீரப்பன் பொண்டாட்டி', என்னைக் 'காளிமுத்து மக' என்பார்கள். எந்தப் புருஷன் பெயரை வைத்துக் கூப்பிட்டார்களோ, அந்தப் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லவும் கூடாது. இதை வைத்து நாடகம் போடலாம் என்று நீ சொன்னபோது, வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த நாடகத்தில் ஆண் வேடமே இல்லை. மேடை நடுவில் ஒரு கம்பம், அதில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியின் வெள்ளைச் சட்டை, மேலே ஒரு தொப்பி, சட்டைக்குள்ளே மாரியம்மன் கோயிலிலிருந்து இரவல் வாங்கிய ஒலிபெருக்கி. "அதிகாரத்துக்கு ஆள் எதுக்குலா? சத்தம் போதும்" என்றாய். சத்தம் யார் போடுவது என்று கேட்டதற்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு எங்களை வேலை வாங்கும் தண்டலைப் போலவே ஒரு அதட்டல் போட்டாய். முனியம்மா அக்கா கையிலிருந்த தேக்கரண்டி கீழே விழுந்தது.

என் அண்ணனின் கேசட் ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்தோம். கிராணி, தண்டல், ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து 'புருஷன் பேரச் சொல்லு, வாய் இல்லியா' என்று விரட்டுகிற ஆள், எல்லாமே நீதான். சின்ன வயதிலிருந்தே உன் இருதயம் சரியில்லை. நாலு வரி பேசினால் மூச்சு வாங்கும். அந்த மூச்சும் டேப்பில் விழுந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றேன். "விடுடி. தண்டலுக்கும் மூச்சு வாங்கும்" என்றாய். கடைசி ஞாயிறு மட்டும் என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக ஏதோ பேசினாய். கேட்டதற்குச் சொல்லவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

கட்டிலில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் இல்லாட்டியும் போடுங்க. கடைசிக் காட்சி முழுசா முடியணும், அஞ்சல. அவங்க வாயால அவங்க பேரச் சொல்லணும்." சரி என்று சொன்னேன். அவ்வளவு எளிது என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

உன்னை அடக்கம் செய்த பிறகு முதல் ஒத்திகையை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் வைத்தோம். பட்டப்பகல்தான், வெயில் கொளுத்தியது. டேப்பைப் போட்டேன். உன் குரல் ஆண் குரலில் அதட்டியது. கொஞ்ச நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் உன் பள்ளிப் பிள்ளைகள், கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. நீ எந்தக் குரலில் பேசினாலும் அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. "டீச்சர் உள்ள இருக்காங்களா?" என்று ஒரு குட்டி கேட்டாள். முனியம்மா அக்கா அழுதுகொண்டே அவர்களை வீட்டுக்கு விரட்டினார்.

அன்றைக்கே அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "அஞ்சல, செத்தவங்க கூப்பிட்டா குரல் குடுக்கக் கூடாது. அதுவும் வருஷம் திரும்புறதுக்குள்ள. குடுத்தா கூடவே கூட்டிட்டுப் போயிருவாங்க." சும்மா கேசட்டுதானேக்கா என்றேன். "கேசட்டுதான். ஆனா கூப்பிடுறது அவதானே?" என்றார். ஒத்திகையில் கடைசிக் காட்சிக்கு மட்டும் டேப்பை நிறுத்திவிட்டு நானே ஆள் கூப்பிட்டேன். அக்காமார் தைரியமாகப் பெயர் சொன்னார்கள். மேடையிலும் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன்.

நாடகத்தன்று பள்ளியின் பெரிய கூடம் நிறைந்துவிட்டது. நடிக்க வந்த ஒவ்வொருத்தியும் கொண்டையில் வேப்பிலை செருகியிருந்தாள். ஒருத்தி இடுப்பில் சாவி, இன்னொருத்தி கையில் ஜெபமாலை. நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். முதல் பாதியில் நல்ல சிரிப்பு. புருஷன் பெயரைச் சொல்ல முடியாமல் முனியம்மா அக்கா கையைக் காலை ஆட்டிக் காட்டியபோது ஆண்கள்கூடச் சிரித்தார்கள். அப்புறம் விளக்கைக் குறைத்தோம். பெரட்டு தொடங்கியது.

"வீரப்பன் பொண்டாட்டி."

முனியம்மா அக்கா முன்னால் வந்து 'முனியம்மா' என்று சொல்ல வேண்டும். அவருக்குக் கால் வலி என்று நீ கூடுதலாகவே இடம் விட்டிருந்தாய். அந்த இடைவெளியில் உன் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. அக்கா அசையவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல" என்றது குரல்.

யாரும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை, ஸ்டெல்லா. ஆனாலும் டேப்பில் எடுத்து வைத்தபடியே நீ யாருக்கோ பதில் சொன்னாய்.

அடுத்தவளைக் கூப்பிட்டாய். மூச்சு. பதில் இல்லை. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல." அதற்கடுத்தவள். மறுபடியும் மூச்சு. சத்தம் வருமென்று காற்றாடியை நிறுத்தியிருந்தோம், இருந்தும் கம்பத்தில் சட்டையின் ஒரு கை மட்டும் லேசாக ஆடியது. ஒலிபெருக்கி அதிர்வாக இருக்கும். அப்படித்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கூடத்தில் இருந்த பெண்கள் மடியிலிருந்த பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். பின்னால் நின்று கிண்டல் செய்த ஆண்களும் அடங்கிவிட்டார்கள். அதட்டலுக்குப் பணியாத பெண்களின் மௌனம் அல்ல அது. பயம். சுத்தமான பயம். நானும் டேப்பை நிறுத்தும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, அழுத்தவும் மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன்.

எழுதி வைத்த ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு முடிந்தது. டேப் இன்னும் ஓடியது. பிறகு, நாடகத்தில் இல்லாத ஒரு ஆளைக் கூப்பிட்டாய்.

"ஞானமுத்து பொண்டாட்டி."

முன்வரிசையில் உன் அம்மா எழுந்தார். பக்கத்தில் இருந்தவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார். மாதா கோயிலில் அவர் மரியம்மாள், பெரட்டில் ஞானமுத்து பொண்டாட்டி, எங்களுக்கெல்லாம் ஸ்டெல்லா அம்மா. அவர் கம்பத்துக்கு நேராக வந்து நின்று, நாங்கள் ஒருவரும் கேட்டிராத ஒரு பெயரைச் சொன்னார்.

"பூவாயி."

உன் மூச்சு கேட்டது. அப்புறம், "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல."

அம்மா தொப்பியை அண்ணாந்து பார்த்தார். "இருக்கேன்டி" என்றார். "ஒன்னப் பெத்தவ. இங்கதான் நிக்கிறேன்." குரல் உடையவில்லை. டேப் தீர்ந்து பொத்தான் டக்கென்று மேலே வந்தது.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன். "வீரப்பன் பொண்டாட்டி." அம்மா மேடைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். முனியம்மா அக்கா அவரைப் பார்த்தார். கொண்டையிலிருந்த வேப்பிலையை உருவிக் கீழே போட்டார். நொண்டி நொண்டி முன்னால் வந்து, "முனியம்மா" என்றார். நீ இல்லை என்றாய். "முனியம்மாதான்" என்றார் அக்கா, தண்டலுக்கே கேட்கிற மாதிரி. அப்புறம் ஒவ்வொருத்தியாக. கடைசிக் காட்சி முழுசாக முடிந்தது, ஸ்டெல்லா. நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அம்மா குரல் கொடுத்துவிட்டார், வருஷம் தாண்ட மாட்டார் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். வாசல் வழியே போகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கும் பயம்தான். அவர் பக்கத்திலேயே படுத்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் எரிச்சலோடு சொன்னார். "கூப்பிட்டது எம் மக. பேயின்னு நெனச்சு வாயப் பொத்திக்கிட்டு நிப்பேனா? கூட்டிட்டுப் போனா போறேன்." நீ கூட்டிக்கொண்டு போகவில்லை. அப்படிப் பேசியவர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அம்மா கருவாடு கழுவுகிறார். எனக்குப் பட்டணத்தில் ஃபேக்டரி வேலை கிடைத்தபோது அவரையும் அழைத்து வந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் பூவாயி என்று ஒரு பெயர் இருந்தது தெரிந்துதான் கூப்பிட்டாயா? உன்னிடம் சொன்னதே இல்லை என்கிறார் அம்மா. அப்பாவைக் கட்டி ஞானஸ்நானம் வாங்கிய நாளோடு அதை விட்டுவிட்டாராம். அப்படியானால் என்ன பதில் வரும் என்று நினைத்து அந்த இடைவெளியை விட்டாய்?

ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பைப் போடச் சொல்வார். நீ இல்லை என்று சொன்னதும் சிரிப்பார். "பெத்தவளையே இல்லைங்குது பாரு, திமிரு." இப்போது டேப் தேய்ந்துவிட்டது. போன வாரம் நீ அம்மாவைக் கூப்பிடும் இடம் கேட்கவே இல்லை, வெறும் இரைச்சல்தான். ஆனாலும் அம்மா சரியான இடத்தில் "பூவாயி" என்றார். இரைச்சலுக்குள் உனக்கு மூச்சு வாங்குவது அப்போதும் கேட்டது.

தம்பிகளிடம் சொல்லிவிட்டேன், இதே கேசட் என்றால் போடுகிறோம், இல்லையென்றால் வேறு ஆள் பாருங்கள் என்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தார்கள். அம்மாவும் இந்தத் தடவை வரிசையில் நிற்கிறார்.

எனக்கு உன் மேல் ஒரு கோபம் உண்டு. எல்லாரையும் கூப்பிட்டாய். நாடகத்தில் இல்லாத அம்மாவையும் கூப்பிட்டாய். என்னைக் கூப்பிடவில்லை. டேப்பின் இரண்டு பக்கமும் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன், 'காளிமுத்து மக' என்று எங்கேயும் இல்லை. ரேடியோவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று விட்டுவிட்டாயா? கூப்பிட்டால் நான் உடனே வந்துவிடுவேன் என்று தெரிந்து விட்டுவிட்டாயா?

எப்படியானாலும் ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். அடுத்த மாதம் ரேடியோவை வேறொருத்தி பார்த்துக்கொள்வாள். அம்மாவுக்கு நீ பதில் சொல்லி முடித்து, டேப் தீர்ந்து, பொத்தான் மேலே வந்த பிறகு, கூப்பிடாமலே நான் முன்னால் வந்து என் பெயரைச் சொல்வேன். இல்லை என்று சொல்வதற்கு அப்போது உன் குரலும் இருக்காது.

உன் அம்மாவுக்கு மகளாகி, அந்த முறையில் உனக்குத் தங்கையுமாகிவிட்ட
அஞ்சலை
பாக்கார் ஆராங்