செல்சோ அண்ணனின் படம்

அம்மாவுக்கு ஃபிதேலியா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் இன்னும் குளிர்கூட வரவில்லை.

எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை ஊரிலிருந்து இங்கே வந்து குடியேறிய நம் ஜனங்களிடம் ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் எங்கள் ஆய்வு. கேள்வித்தாளை நீட்டினால் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் அடுப்படியில் உட்கார்ந்து, சோள மடலில் மாவு வைத்து மடித்துக்கொண்டே பேசுகிறோம்.

போன சனிக்கிழமை ஓத்திலியா அக்கா வீட்டில் கூடினோம். தன் மகனின் அலமாரியில் அந்த மாத்திரையைப் பார்த்தவர், அவனுக்கு நோய் வந்துவிட்டதென்று பயந்து கழிப்பறையில் கொட்டிவிட்டாராம். அது நோய் வராமல் காக்கிற மாத்திரை என்றேன்.

"அடிப்பாவி, இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஒரு வாரமா பிள்ளைக்குத் தனித் தட்டுல சோறு போட்டேனே!" என்று என்னையே திட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு, "உங்க வீட்ல யாருக்காவது வந்துச்சாடி?" என்றார். நாம் வழக்கமாகச் சொல்லும் நிமோனியாதான் வாயில் வந்தது. ஆனால் செல்சோ அண்ணன் உண்மையில் எந்த நோயில் போனான் என்று சொல்லிவிட்டேன். யாரும் நாற்காலியை நகர்த்திக்கொள்ளவில்லை. அக்கா என் பக்கம் மாவுச் சட்டியைத் தள்ளி, "நீ மடிடி" என்றார்.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் காரமே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வருவது தெரிகிறது. இறந்தவர்கள் வீடு திரும்பும் நவம்பர் நாளில் அவர்களுக்குப் படைக்கும்போது, பெட்டிக்கு அடியில் கிடக்கும் அண்ணன் படத்தையும் வையுங்கள் அம்மா. படம் இல்லாமல் இத்தனை வருஷமும் அவன் வாசலோடு திரும்பிப் போயிருப்பான்.

ஃபிதேலியா