இடது தோளின் பஞ்சு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு உடம்பளவில் எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். நேற்று முழுவதும் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கோபம் வந்தால் போனை அணைத்துவிடுவது உன் பழக்கம். பேச முடியாததை எழுதிவிடுவது என் பழக்கம். சனிக்கிழமை நீ ரயில் ஏறுவதற்குள் கிடைக்கட்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

"வாத்தியாரம்மா, உன்னை நம்பித்தானே ஆம்பளப் பிள்ளைய அனுப்பினேன்? நீ பாவாடை கட்டி விட்டிருக்கே. வந்து தோலை உரிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று நீ கத்தியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் மகன் சின்னவனும் கேட்டான். அதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியைக் கட்டி வாசலோரம் வைத்திருக்கிறான். உன்னோடு கிளம்பவா, நீ வருமுன் எங்காவது போய்விடவா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

யாரோ உனக்கு அனுப்பிய படத்தை வைத்து முடிவு செய்யாதே. உடை வடிவமைப்பு வகுப்பில் இந்தப் பருவம் நான் கொடுத்த பாடம் இதுதான்: வீட்டு ஆண் ஒருவர் உடுத்திய பழைய பொருள் ஏதாவது கொண்டுவாருங்கள். பிரித்துப் பாருங்கள். அவர் ஆண்பிள்ளையாகத் தெரிய அது என்ன வேலை செய்தது என்று கண்டுபிடியுங்கள். பிறகு அதையே உங்களுக்காக மாற்றித் தைத்து மேடையில் அணியுங்கள்.

முதல் நாள் ஒரே சிரிப்பு. ஒருத்தி அப்பாவின் பெல்ட்டைக் கொண்டுவந்தாள். கடைசி ஓட்டை ஆணியால் குத்தியது. "இடுப்பு அளவு மாறவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவார் மேடம்" என்றாள். இன்னொருவன் மாமாவின் ஷூவைப் பிரித்தால் குதிகாலுக்குள் அட்டை மேல் அட்டை. "போச்சுடா, மாமா உயரம் போச்சு!" என்று வகுப்பே கத்தியது.

சின்னவன் கொண்டுவந்தது உன் கல்யாணக் கோட்டு. எடுத்துக் கொடுத்த அண்ணியைத் திட்டாதே, அது பெட்டி அடியில் பூச்சி அரித்துக் கிடந்ததாம். உள்துணியைப் பிரித்தான். வலது தோளில் பஞ்சு மெல்லிசாக இருந்தது. இடது தோளில் அடுக்கடுக்காகக் கைப்பிடி கனம். "அத்தை, தையல்காரர் கணக்குல கோட்டை விட்டுட்டார்" என்று சிரித்தான். அப்புறம் உன் பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் உன் இடது தோளில் ஒரு பை தொங்குகிறது, அல்லது அந்தத் தோள் மறையும்படி நீ திரும்பி நிற்கிறாய். சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பாவுக்கு இந்தத் தோள் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

நான் சொல்லவில்லை, அண்ணா. பள்ளி நாடகத்தில் ராணி வேஷத்துக்குப் பரிசு வாங்கி, பாவாடையைக்கூடக் கழற்றாமல் நீ ஓடிவந்த அந்த மத்தியானம் அப்பா தாழிட்ட கதவுக்கு வெளியே நின்றவள் நான். "மாடிப்படியில விழுந்துட்டான்" என்று அப்பா டாக்டரிடம் சொன்னார். இன்று வரை நீயும் அதையே சொல்கிறாய்.

சின்னவன் பஞ்சை எடுத்துவிட்டான். இடது பக்கம் சரிந்தபடியே விட்டு, அந்தச் சரிவிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கணுக்கால் வரை துணியை இறக்கியிருக்கிறான். நீ பார்த்த பாவாடை அதுதான். அவன் தோள் நேரானது. அந்த உடை அதில் நிற்கவில்லை. அதனால் கண்ணாடி முன் நின்று, இடது தோளைத் தாழ்த்தி நடக்கப் பழகுகிறான். உன்னைப் போல. நீ எதைப் பார்த்துத் தலைகுனிகிறாயோ, அதை அவன் உன்னிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மேடை. பெற்றோர் ஆட்சேபித்தால் அவன் பெயரை எடுத்துவிடுவேன் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். என் வேலையைப் பற்றியும் ஏதோ சொன்னார், அது கிடக்கட்டும். உன் ஒரு வார்த்தை போதும், எல்லாம் நின்றுவிடும். அப்படி நின்றால் அந்தப் பெட்டி எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது.

நீ வா. வர வேண்டாம் என்று சொல்லமாட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டு, பாடம் கொடுத்தவள் நான். கதவைத் திறக்கப் போவது அவன்தான். அப்போது உன் கை மட்டும் உயர வேண்டாம். "உங்கப்பாகிட்டயே கேளு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பான். மாடிப்படி என்று சொல்லிவிடாதே.

பஞ்சை நாங்கள் தூக்கிப் போடவில்லை. ஒரு துணிப்பையில் கட்டி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் எடுத்துப் போ.

சின்னவனின் தோள் இரண்டும் இப்போது இருப்பது போலவே என்றைக்கும் இருக்கட்டும்.

கதவோரம் காத்திருக்கும்
உன் தங்கச்சி